பொங்கல் வெள்ளையடிப்பும் ஒரு சின்னப் பெட்டியும்

காலையிலிருந்து பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழைய இரும்பு டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீரைக் கவிழ்த்ததும் எழும் அந்தச் சீற்றம். அதன் பின்னாலேயே சூடாக, ஈரமாக, மூக்கின் உள்சுவரை லேசாகச் சுட்டுக்கொண்டு வரும் வாசம். ஊருக்கெல்லாம் இந்த வாசம் வந்தால் பொங்கல் வந்துவிட்டது என்று பொருள். எனக்கு, நெட் வரவில்லை என்ற புகார்கள் வந்துவிட்டன என்று பொருள். வேலையை விட்ட பிறகும் மூக்கு மாறவில்லை. எழுந்து போய் வண்டிச் சாவியைத் தேடினேன். போவதற்கு எந்த வீடும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடைசி நாள் எனக்கு மாலை போட்டு, பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்களே, அன்றைக்கு உங்களில் ஒருவர் கேட்டார்: "இத்தனை வருசத்துல கத்துக்கிட்டத ஒண்ணாவது எழுதிக் குடுங்கண்ணா." ஃபைபர் ஒட்டுவதையும் ரௌட்டருக்குள் நுழைவதையும் என்னைவிட நீங்கள் வேகமாகச் செய்கிறீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. இந்தச் சுண்ணாம்பு வாசத்தில் நனைந்து கிடக்கும் ஒரு பகலை எழுதுகிறேன்.

நம் பக்கத்து வெள்ளையடிப்பு மாதத்தை நீங்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. எடப்பாடியானாலும் ஆட்டையாம்பட்டியானாலும் தை பிறப்பதற்குள் சுவர் வெளுத்தாக வேண்டும். அலமாரி நகரும், டிவி இறங்கும், பரண் காலியாகும். சுவரில் ஒட்டியிருக்கும் எதுவும் தப்பாது. ஒயரை உருவியவர்கள் மறுபடி எதையோ எதிலோ செருகுவார்கள். ரௌட்டரைத் துடைக்கிறேன் என்று ஈர்க்குச்சியால் ரீசெட் ஓட்டைக்குள் குத்திச் சுத்தம் செய்தவர்கள் உண்டு. வருடம் முழுக்க வருகிற புகார் ஒரு தினுசு, இந்த மாதத்துப் புகார் வேறு தினுசு. கம்பியிலும் கம்பத்திலும் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குள் யாரோ எதையோ எடுத்திருப்பார்கள், எடுத்தவர் அதைச் சொல்ல மாட்டார்.

நம் ஆபீசில் அப்போது புகார்ப் போனை எடுத்தவரை நீங்கள் பார்த்ததில்லை. என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நாங்கள் எல்லோரும் கம்ப்ளைன்ட் அக்கா என்றே கூப்பிடுவோம். கம்பம் ஏறியதில்லை, ரௌட்டரைப் பிரித்ததில்லை. ஆனால் போனில் மறுமுனைக்காரர் மூச்சு விடுவதை வைத்தே பாதியைச் சொல்லிவிடுவார். "அந்தம்மா பேசறப்ப பக்கத்துல ஒரு பையன் கமுக்கமா நிக்கறான். அவன்கிட்ட விசாரிச்சா மாட்டிக்குவான், விசாரிக்காம பாருங்க," என்பார். அது அப்படியே இருக்கும்.

ஒருமுறை எங்களில் ஒருவர் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போய், எல்லோரும் நிற்கும்போது, "இந்த ஒயரைக் கழட்டுனது யாரு?" என்று கேட்டுவிட்டார். மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் கணவனைப் பார்த்தாள். கணவன் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். நெட் உடனே சரியாகிவிட்டது. அந்த வீட்டுச் சண்டை தெருமுனை வரை வந்தது. சாயங்காலம் அவர் ஆபீசுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கம்ப்ளைன்ட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கழட்டுனது யாருன்னு கேக்காதீங்க. கழட்டுனது எங்க இருக்குதுன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பொய் வரும். ரெண்டாவது கேள்விக்குப் பொருளு வரும்."

அதை நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் அது எனக்குள் இறங்கியது, மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், கரட்டடியில் இருந்த ஒரு கோழிப்பண்ணை வீட்டில்தான்.

போகி நாள். பிற்பகலில் எல்லா வீடுகளிலும் வாசலில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகிக் காப்புக் கட்டிவிடுவார்கள்; அதற்குள் முடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்று வண்டியில் பறந்துகொண்டிருந்தேன். காட்டுக்குள் தனியாக நிற்கிற வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "கரட்டடி முட்டைக்காரர் ஊடு எங்கீங்க?" என்று கேட்டேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே கடைக்காரர், "புளியமரம் தாண்டி இடது கை, ரெண்டு ஷெட்டு வரும், நாயி கடிக்காது," என்றார். அவர் ஒருவர் இல்லாவிட்டால் அந்த வீடு இருந்தும் எனக்கு இல்லை. டிஎன்எஸ் என்பது என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் அந்த டீக்கடைக்காரரைத்தான் சொல்வேன். பெயரைச் சொன்னால் வழியைச் சொல்கிறவர். அவர் கடையைச் சாத்திவிட்டால் சாலை அப்படியேதான் கிடக்கும், வண்டியும் ஓடும், ஆனால் யாராலும் யார் வீட்டுக்கும் போக முடியாது.

வாசலில் பெரியவர் ஏணிமேல் நின்று நார் மட்டையால் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கோழி ஷெட்டுக்கு நீற்றிய சுண்ணாம்பிலேயே கொஞ்சம் நீலம் கலந்து வீட்டுக்கும் அடிக்கிறவர். பெயின்ட் டப்பா அந்த வீட்டுப் படியேறியதில்லை. அவர் என்னைப் பார்த்தும் இறங்கவில்லை.

"வந்துட்டீங்களா? லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுது. ஊட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க. உங்க கம்பெனிதான் படுத்துக்கிச்சு."

"பாக்கறேனுங்க ஐயா."

"பாத்து என்ன பண்ணப் போறீங்க? பச்சை எரியுதுன்னா நல்லா இருக்குதுன்னுதான அர்த்தம்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஆவாரம்பூக் கொத்து. அதைக் கீழே வைக்கவும் மறந்திருந்தார்.

"சாமி, நேத்துப் பொழுதோட நின்னு போச்சு. தொட்டா சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. மருமகளை ஆஸ்பத்திரில சேத்தியிருக்கானாம் எம்பட பையன். ஜெர்மனில. இது தலைப்பிரசவம். என்ன ஆச்சுன்னு தெரியல சாமி."

கரட்டுக் குன்றுக்குப் பின்னால் இருந்ததால் அந்த வீட்டில் செல்போன் சிக்னல் நிற்காது. மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு வரும். காலையிலிருந்து அவர் அந்த மேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒருமுறை மகன் குரல் வந்திருக்கிறது. "அம்மா, டாக்டர் சொல்றாங்க…" என்றதோடு அறுந்துவிட்டது. அந்தப் பாதி வாக்கியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவர் கோலமாவு எடுத்தார், அரிசி ஊற வைத்தார், பூக்கட்டினார்.

"உங்ககிட்டயும் சொல்லலீங்களா?" என்று பெரியவரைப் பார்த்துக் கேட்டேன்.

மட்டை சுவரில் சரக் சரக்கென்று போனது. "அது அவளோட பையன்," என்றார்.

அந்தம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். பண்ணையைப் பார்த்துக்கொள்ள வர மாட்டேன் என்று மகன் குமரேசன் சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஊருக்கு வந்து போன கடைசித் தடவையும் சாப்பாட்டு வட்டில் முன்னால்கூட ஒரு வார்த்தை இல்லை.

உள்ளே போனேன். ரௌட்டரில் எல்லா விளக்கும் பச்சை. கம்பியில் வெளிச்சம் சரியாக வருகிறது. என் போனை வைஃபையில் சேர்த்து, அது யாரிடம் வழி கேட்கிறது என்று பார்த்தேன். நம் கம்பெனி எண் இல்லை. வெளியூர் எண் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு முகவரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீடு உலகத்துக்கான வழியை வீட்டுக்குள்ளேயே இருக்கும் யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கப்படுகிறவர் இப்போது வீட்டில் இல்லை.

"அம்மா, இங்க வேற ஏதாச்சும் சின்னப் பெட்டி இருந்துச்சுங்களா?"

"ஆமாஞ்சாமி! சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு. குமரேசன் வந்தப்ப அவனேதான் மாட்டுனான். எனக்குப் போனுல எதத் தொட்டாலும் பரிசு விழுந்துருக்குது, வைரஸ் வந்துருச்சுன்னு வரும். நானும் நெசமுன்னு தொட்டுப்போடுவேன். இதை மாட்டுனா அதெல்லாம் வராதும்மான்னு சொன்னான். அப்புறம் வரவே இல்ல." அவர் அலமாரியைப் பார்த்தார். "இங்கதான… அது எங்க போச்சு?"

விளம்பரங்களையும் ஏமாற்றுப் பக்கங்களையும் வாசலிலேயே நிறுத்தும் குட்டிப் பெட்டி அது. வீட்டின் டிஎன்எஸ் கேள்விகளெல்லாம் அதன் வழியாகத்தான் போகும்படி மகன் ரௌட்டரில் எழுதி வைத்திருக்கிறான். அலமாரியின் மேல்தட்டில் தூசி இல்லாத ஒரு சதுரம் இருந்தது. அருகே பிளக்குப் பலகையில் ஒரு துளை மட்டும் சுண்ணாம்புத் தெறிப்பு இல்லாமல் கறுப்பாக இருந்தது. வெள்ளையடிக்கத் தொடங்கிய பிறகு, கவனமாக, யாரோ உருவியிருக்கிறார்கள்.

வெளியே மட்டைச் சத்தம் நின்றிருந்தது.

என் சாவிக்கொத்தில் ஒரு ரீசெட் பின் எப்போதும் தொங்கும். அதைக் கையில் எடுத்தேன். குத்தினால் ரௌட்டர் பிறந்தமேனிக்கு வந்துவிடும், நம் எண்களைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்தம்மா என் விரலையே பார்க்கிறார். இன்னும் நான் போக வேண்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன.

ஆனால் குத்தினால் மகன் எழுதியதெல்லாம் அழியும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்த மாதம் இந்தம்மா ஒரு பரிசைத் தொடுவார். எதனால் என்று யாருக்கும் தெரியாது. அவன் அம்மாவுக்காக வைத்துவிட்டுப் போன கை இந்த வீட்டிலிருந்து போய்விடும், அதை எடுத்தது நானாக இருப்பேன்.

"மேட்டுல போயி ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிட்டு வாரேனுங்க," என்றேன்.

மேட்டின் மேல் காற்று அடித்தது. கீழே நீளமான இரண்டு ஷெட்டுகள், அதற்கப்பால் மரவள்ளிக் காடு, தூரத்தில் ஜவ்வரிசி காயப்போட்ட களம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. ஊரே ஒரு சுண்ணாம்பு மட்டையால் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல அங்கங்கே வெளுத்திருந்தது. கம்ப்ளைன்ட் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க பொட்டியப் பத்திக் கேட்டப்ப அந்தப் பெரியவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வெள்ளையடிக்கறத நிறுத்திட்டாரு."

"அப்ப சொல்லிட்டாரு," என்றார். மறுமுனையில் டீ உறிஞ்சும் சத்தம். "ரீசெட் பின்னைப் பாக்கெட்டுல போடுங்க. போயிக் கேளுங்க. என்ன கேக்கறதுன்னுதான் உங்களுக்குத் தெரியுமே."

இறங்கி வந்தேன். பெரியவர் ஏணியிலிருந்து இறங்கி, வாளியைக் கலக்கிக்கொண்டு குனிந்திருந்தார். கலக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

"ஐயா, சுண்ணாம்பு பட்டா அந்த மாதிரிப் பொட்டியெல்லாம் கெட்டுப்போயிருமுங்க. வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி எங்கயாவது பத்திரமா எடுத்து வெச்சிருப்பீங்க. எங்கீங்க இருக்குது?"

அவர் நிமிரவில்லை. குச்சி வாளிக்குள் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையோ பரணோ இல்லை. நேராகத் தன் அறைக்கு. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைத் துண்டு, துவைத்து மடித்தது. அதைப் பிரித்தார். உள்ளே அந்தப் பெட்டி. ஒயரைக்கூட அவர் விட்டுவிடவில்லை. வளையம் வளையமாகச் சுற்றி, முட்டை அட்டை கட்டுகிற சணலால் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்.

அந்தம்மா பெட்டியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"இவரு மேட்டுக்குப் போனதுலருந்து ஊடு பூராத் தேடுனனே…"

"சுண்ணாம்பு படுமில்ல," என்றார் அவர்.

கோபத்தில் பிடுங்கினாரா, பிடுங்கிய பிறகு எறிய மனம் வராமல் வைத்துக்கொண்டாரா, இல்லை உண்மையிலேயே சுண்ணாம்புக்குப் பயந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அந்தத் துண்டு பிரிந்திருக்காது. அது மட்டும் தெரியும்.

மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை வரவில்லை. அந்தம்மா சுவாமி படத்தைப் பார்த்தார். பெரியவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நீலம் கலந்த சுண்ணாம்பு வாசம் கழுத்தில் பட்டது.

"செத்துப்போச்சுங்களா?"

"எந்திரிக்குமுங்க. கொஞ்சம் பொறுங்க."

"நான் மெதுவாத்தான் எடுத்தேன்," என்றார். அதை அவர் எனக்காகச் சொல்லவில்லை என்று தோன்றியது.

பச்சை ஒருமுறை மினுங்கி அணைந்தது. மறுபடி மினுங்கியது. பிறகு நிற்காமல் துடிக்கத் தொடங்கியது. அதே கணம் அந்தம்மாவின் கையில் போன் பெருமழை போல ஒலித்தது. நேற்று மாலையிலிருந்து வர முடியாமல் நின்றிருந்த செய்திகளெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் எதையும் படிக்கவில்லை. நேரே அழைத்துவிட்டார்.

திரையில் தூங்காத முகம் ஒன்று. "அம்மா! எங்கம்மா போயிட்டீங்க? நைட்டெல்லாம் கூப்புட்டேன்."

"டாக்டர் என்ன கண்ணு சொன்னாங்க? அத மொதல்ல சொல்லு!"

"கொடி சுத்தியிருக்குதுன்னாங்க. ஆபரேசன் பண்ணிட்டாங்கம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொண்ணு."

அந்தம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆவாரம்பூ மடியெல்லாம் சிதறியது. போன் சாய்ந்து, மகன் பக்கத்துத் திரையில் இப்போது அவர் முகத்துக்குப் பதில் புதிதாக வெளுத்த சுவர் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னம்மா இது, செவுரு இத்தனை நீலமா இருக்குது? நீலத்தப் பூரா வாளில கவுத்துட்டாரா?"

பெரியவர் வாசற்படியில் நின்றுகொண்டு, தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "நீலம் போட்டாத்தான் வெள்ளை வெள்ளையாத் தெரியும்னு சொல்லு உன்ற பையனுக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "பாப்பா அவர மாதிரியே மொறைச்சுப் பாக்குதுன்னு சொல்லும்மா."

"மொறைக்கட்டும், மொறைக்கட்டும். இவனாட்டம் சொன்ன பேச்சுக் கேக்காம இருந்தாச் சரி," என்றார் பெரியவர். தெருவை அவர் இப்போது பார்க்கவில்லை.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா போனை என் கையில் திணித்தார். "நீங்களே எம்பையன்கிட்டச் சொல்லுங்க சாமி, என்ன கோளாறுன்னு."

தொழில் தெரிந்த பையன். முதல் கேள்வியே அதுதான்: "சார், பெட்டி ஆஃப் ஆயிருக்குது, லாக் பதிவுல தெரியுது. யாரு சார் கழட்டுனது?"

வாசற்படியில் பெரியவரின் முதுகு அசையாமல் இருந்தது.

"வெள்ளையடிப்புங்க," என்றேன். "இந்த மாசத்துல எல்லா ஊட்டுலயும் இதே கதைதான். ரௌட்டர்ல ரெண்டாவதா இன்னொரு டிஎன்எஸ் எண் போட்டு வெச்சா இந்தப் பொட்டி தூங்குனாலும் நெட் நிக்காது. ஆனா அந்தப் பரிசு விளம்பரம் மறுபடி உள்ள வரப் பாக்கும். ரெண்டையும் யோசிச்சு நீங்களே போடுங்க. உங்க அம்மாவுக்கு எது வேணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"யோசிச்சுப் போடறேன் சார்," என்றான். யார் கழட்டியது என்று மறுபடி கேட்கவில்லை. கம்ப்ளைன்ட் அக்கா போலவே அவனுக்கும் மௌனம் படிக்கத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், தம்பிகளே, தங்கச்சிகளே. ஒரு வீட்டு ரௌட்டருக்குள் உங்களுக்குப் புரியாத ஓர் எண் இருந்தால், அதை அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கை நிற்கட்டும். சில எண்கள் வெறும் தவறுகள், அவற்றைத் தூக்கி எறியுங்கள். சிலவற்றை யாரோ யாருக்காகவோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்கள். எது எதுவென்று எந்த டூலும் காட்டாது. வீட்டைத்தான் கேட்க வேண்டும், அதையும் யாருடைய தலையும் குனியாமல் கேட்க வேண்டும். ரீசெட் பின் சாவிக்கொத்திலேயே தொங்கட்டும். அது எங்கும் ஓடிவிடாது.

இப்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தோள்பட்டை கம்பம் ஏற விடவில்லை, கால் வீட்டில் நிற்க விடவில்லை. பக்கத்து வீட்டு டிரம்மில் சீற்றம் அடங்கிவிட்டது, மட்டைச் சத்தம் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அந்தப் பெரியவர் வண்டி வரைக்கும் என்கூட நடந்து வந்தது நினைவுக்கு வருகிறது. கையில் மட்டை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் வெள்ளை. நான் வண்டியை உதைத்துக் கிளப்பிய பிறகும் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"ஏனுங்க தம்பி, அடுத்த பொங்க நோம்பிக்கு வெள்ளையடிக்கறப்ப அந்தப் பொட்டியக் கழட்டாம எப்படி அடிக்கறது?"

"அந்த எடத்த மட்டும் உட்டுட்டு அடிங்க ஐயா."

"அங்க மட்டும் அழுக்காத் தெரியுமே."

"தெரியட்டுங்க."

கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "சரி, பாத்துப் போங்க. நாயி கடிக்காது."